நாய் வளர்ப்பவர் பொறுப்பு வாசல் கேட்டோடு முடிவதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் சென்னை ஆதம்பாக்கத்தில் செய்தித்தாள் முகவராக இருக்கிறேன். என் கணவர் நடத்திவந்த ஏஜென்சி, அவர் காலமான பிறகு நான் எடுத்துப் பார்த்துவருகிறேன். உங்கள் பத்திரிகையும் மற்றத் தினசரிகளும் எங்கள் பையன்கள் கையால்தான் இந்தப் பகுதியின் பல தெருக்களுக்குப் போய்ச் சேருகின்றன. வளர்ப்பு நாய்க்கு உரிமம், மைக்ரோசிப், கயிறு, வாய்மூடி, அபராதம் என்று சில மாதங்களாக உங்கள் பக்கங்களில் வரும் செய்திகளையும் வாசகர் கடிதங்களையும் விடாமல் படிக்கிறேன். பூங்காவைப் பற்றி எழுதுகிறார்கள், கடற்கரையைப் பற்றி எழுதுகிறார்கள், அடுக்குமாடிக் குடியிருப்பின் லிஃப்டைப் பற்றி எழுதுகிறார்கள். வீட்டு வாசலைப் பற்றி யாரும் எழுதக் காணோம். எங்களுக்கு நாய்க்கடி விழுவது அங்கேதான்.

விடியற்காலை நாலு மணிக்குப் பண்டில்கள் வந்து இறங்கும். மூடியிருக்கும் ஒரு கடையின் ஷட்டருக்கு முன்னால் உட்கார்ந்து இணைப்புகளைச் செருகி, லைன் வாரியாக, அதாவது ஒவ்வொரு பையன் போடும் தெருக்கள் வாரியாக, பிரித்துக் கட்டி, ஐந்து மணிக்குள் சைக்கிள்கள் கிளம்பிவிடும். சரியாக அதே நேரத்தில்தான் பல வீடுகளில் நாயை அவிழ்த்துவிடுகிறார்கள். ராத்திரி முழுக்க போர்ட்டிகோவில் கிடந்த நாய், கதவைத் திறந்ததும் தானாக வெளியே ஓடும், இரண்டு மின்கம்பங்களை முகர்ந்து பார்க்கும், பக்கத்துக் காலி மனையில் போக வேண்டியதைப் போய்விட்டுத் திரும்பும். வளர்ப்பவர் கேட்டருகே கொட்டாவி விட்டபடி நிற்பார். கயிறு உள்ளே ஆணியில் தொங்கும். இந்த நேரத்தில் தெருவில் யார் இருக்கப்போகிறார்கள் என்பது அவர் எண்ணம்.

நாங்கள் இருக்கிறோம். பால் பாக்கெட் போடுகிறவர் இருக்கிறார். தெரு கூட்டுகிற அம்மா இருக்கிறார். ராத்திரிக் காவல் முடிந்து பரங்கிமலை ஸ்டேஷனுக்கு நடந்து போகிற வாட்ச்மேன், கோயிலுக்குப் பூ கொண்டு போகிற பாட்டி, எல்லாரும் இருக்கிறார்கள். வெயில் ஏறிய பிறகு கேஸ் சிலிண்டர்காரர், தபால்காரர், மின்வாரியக் கணக்கெடுப்பாளர், கூரியர், சாப்பாடு கொண்டுவருகிற பையன், வீட்டு வேலை செய்கிற பெண் என்று வரிசை நீளும். இவர்கள் யாரும் நாயைப் பார்க்க வருவதில்லை. அந்த வீட்டுக்கு ஏதோ ஒன்றைக் கொடுக்க வருகிறார்கள். வராமல் இருக்கவும் முடியாது. நடைப்பயிற்சிக்குப் போகிறவர் நாய் இருக்கிற தெருவைத் தவிர்த்து அடுத்த தெருவில் நடக்கலாம். எங்கள் பையன் அந்தத் தெருவைத் தவிர்த்தால் எட்டு மணிக்கு எனக்கு போன் வரும், பேப்பர் வரவில்லை என்று.

போன மார்கழியில் எங்கள் லைன் தம்பி ஒருவனுக்குக் கடி. கல்லூரியில் படிக்கிற பையன், ஃபீஸுக்காகக் காலையில் லைன் ஓட்டுகிறான். கேட் ஒருக்களித்துத் திறந்திருந்திருக்கிறது. பேப்பரை கேட் கம்பியில் செருகக் குனிந்தவனின் கெண்டைக்காலை, உள்ளேயிருந்து சத்தமே போடாமல் வந்த நாய் கவ்விவிட்டது. லாப்ரடார். அந்தத் தெருவே சாது என்று சொல்லும் நாய். வீட்டுக்காரர் ஓடிவந்து கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்தார். "ஒண்ணும் பண்ணாதுப்பா, விளையாட வந்திருக்கும். ஊசியெல்லாம் கரெக்டா போட்டிருக்கு" என்றாராம். டெட்டால் கொடுத்தார், கையில் இருநூறு ரூபாயும் கொடுத்தார். பையன் அந்த ரத்தத்தோடு மீதி வீடுகளுக்கும் பேப்பர் போட்டுவிட்டுத்தான் என்னிடம் வந்தான். "அக்கா, லைனைப் பாதியில விட்டா நீங்க என்ன பண்ணுவீங்கன்னு முடிச்சுட்டு வந்துட்டேன்" என்றான். அதைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது.

குழாயடியில் உட்கார வைத்து, சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டேன். நாய் கடித்த இடத்தில் முதலில் செய்ய வேண்டியது இதுதான். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதையும் வைக்கக் கூடாது, இறுக்கிக் கட்டவும் கூடாது. அப்புறம் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் அது மூன்றாம் வகைக் கடி. தடுப்பூசி மட்டும் போதாது, காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்கிற எதிர்ப்புப்பொருள் ஊசியும் போட வேண்டும். பல்லால் குத்திய இடத்திலேயே ஊசியும் குத்தும்போது அந்தப் பையன் என் கையைப் பிடித்த பிடி இன்னும் நினைவிருக்கிறது. தடுப்பூசி முதல் நாள், அதிலிருந்து மூன்று, ஏழு, இருபத்தெட்டு நாள் கழித்து என்று வரிசையாகப் போட வேண்டும். அரசு மருத்துவமனையில் இதற்குக் காசு இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் காலைப்பொழுது போய்விடும். மாணவனுக்கு வகுப்பு போகும், நாள்கூலி வாங்குகிறவருக்கு அன்றைய கூலி போகும். இலவச ஊசிதானே என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

மதியம் நான் அந்த வீட்டுக்குப் போனேன். சண்டை போடப் போகவில்லை. நாயின் தடுப்பூசி அட்டையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். டாக்டரிடம் இருக்கிறது என்றார்கள். மறுநாள் போனபோது தேடிப் பார்க்கிறோம் என்றார்கள். கடைசியில் கிடைத்த அட்டையில் போட்டிருந்த ஊசியின் கெடு முடிந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. அந்த வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. மாதா மாதம் கலெக்‌ஷனுக்குப் போனால் தண்ணீர் கொடுத்து உட்காரச் சொல்கிறவர்தான். ஆனால் "ஊசியெல்லாம் கரெக்டா போட்டிருக்கு" என்று சொன்னபோது, தனக்கே உறுதியாகத் தெரியாத ஒன்றை இன்னொருவர் உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் சொல்லியிருக்கிறார். அந்தப் பையன் அதை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்திருந்தால்? ரேபிஸ் அறிகுறி தெரிந்த பிறகு மருத்துவர்களால் செய்ய முடிவது அநேகமாக ஒன்றுமில்லை. கடித்து ஒன்று முதல் மூன்று மாதங்களில் வருவதுதான் வழக்கம், சில சமயம் அதற்கும் மேல் ஆகும். காயம் ஆறி எல்லாரும் மறந்த பிறகு வரும்.

வளர்ப்பு நாய் கடித்தால் தெருநாய்க் கடியில் கிடைக்காத ஒரு வசதி உண்டு. கடித்த நாய் எது, அது எங்கே இருக்கிறது என்று தெரியும். அதைப் பத்து நாள் கண்ணில் வைத்துக் கவனிக்கலாம். கடிக்கும்போது எச்சிலில் ரேபிஸ் கிருமி இருந்திருந்தால் அந்த நாய் பத்து நாளுக்குள் நோய் முற்றிச் செத்துவிடும் என்பதால்தான் இந்தக் கணக்கு. நாய் பத்து நாளும் நன்றாக இருந்தால் மீதி ஊசிகளைப் பற்றி மருத்துவர் முடிவு செய்வார். அதற்காக ஊசியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு காத்திருக்கவும் கூடாது, கடித்த அன்றே ஆரம்பித்துவிட வேண்டும். இத்தனைக்கும் வளர்ப்பவரின் ஒத்துழைப்பு வேண்டும். நாயை வேறு ஊருக்கு அனுப்பாமல் வைத்திருக்க வேண்டும். ஊசி போட்ட தேதியை மறைக்காமல் சொல்ல வேண்டும். கடிபட்டவர் போன் செய்தால் எடுத்துப் பதில் சொல்ல வேண்டும். நடப்பது என்னவென்றால், கடித்த மறுநாளே நாயைச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். போலீஸ், மாநகராட்சி என்று வந்துவிடுமோ என்ற பயம்தான் காரணம். நாய்க்கு நோய் இருந்ததா என்று தெரிந்துகொள்ள இருக்கும் வழியும் அத்துடன் அடைபட்டுவிடுகிறது.

நாயைக் குறை சொல்லி நான் இதை எழுதவில்லை. எங்கள் வீட்டிலும் ஒரு நாட்டு நாய் இருக்கிறது. ஏஜென்சி வேலையில் நாய்களை அதிகம் பார்த்திருப்பதால் ஒன்று எனக்குத் தெரியும். நாயின் கண்ணால் பார்த்தால் பேப்பர்காரன் தினமும் வருகிற எதிரி. யாரோ ஒருவன் கேட்டை நெருங்குகிறான், நாய் குரைக்கிறது, அவன் போய்விடுகிறான். நாம் குரைத்ததால்தான் ஓடினான் என்று நாய் நினைத்துக்கொள்ளும். தினம் தினம் அதற்கு அது வெற்றி. அடுத்த நாள் இன்னும் பலமாகக் குரைக்கும். இந்தப் பக்கம் பையனும் கேட்டுக்கு மேலே பேப்பரைச் சுருட்டி எறிகிறான். அது சில சமயம் தூங்குகிற நாயின் மேலேயே விழும். இப்படி மாதக்கணக்கில் நடந்த பிறகு ஒரு நாள் கேட் திறந்து கிடந்தால் என்ன ஆகும்? தபால்காரருக்கும் இதே கதைதான். வீட்டில் குழந்தையோடு கொஞ்சுகிற நாய், விருந்தாளி மடியில் தலை வைக்கிற நாய், கேட்டுக்கு வருகிறவனிடம் வேறு நாயாக இருக்கும். "எங்க நாய் யாரையும் கடிக்காது" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் பார்க்கிற நாயைப் பற்றிச் சொல்கிறார்கள். நாங்கள் பார்க்கிற நாயை அவர்கள் பார்ப்பதில்லை.

இனி சட்டத்துக்கு வருகிறேன். எங்கள் லைனில் பேப்பர் வாங்குகிற வழக்கறிஞர் ஒருவர் எனக்கு விளக்கிச் சொன்னார், நானும் படித்துப் பார்த்தேன். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு, தன் வசம் உள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ ஏற்படாதபடி தேவையான முன்னெச்சரிக்கை எடுக்கத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இது 289ஆம் பிரிவு, அப்போது அபராதம் 1,000 ரூபாய். அந்த வாசகத்தில் தெரு என்றோ பொது இடம் என்றோ ஒரு சொல்கூட இல்லை. விலங்கு யார் வசம் இருக்கிறதோ அவர் பொறுப்பு, அவ்வளவுதான். தெருவில் கயிறு கட்டுவது சட்டம், என் காம்பவுண்டுக்குள் என் இஷ்டம் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. "நாய்கள் ஜாக்கிரதை" என்று போர்டு மாட்டிவிட்டால் கடமை முடிந்தது என்றும் இல்லை. கேட்டில் போர்டு, கேட்டுக்கு அந்தப் பக்கம் காலிங் பெல், நடுவில் அவிழ்த்துவிட்ட நாய் என்று இருக்கிற வீடுகளை நான் காட்ட முடியும்.

பிரிட்டனில் 1991இல் கொண்டுவந்த ஆபத்தான நாய்கள் சட்டமும் முதலில் பெரும்பாலும் பொது இடத்தைத்தான் பார்த்தது. தபால்காரர்களுக்குக் கடி விழுந்தது வீட்டுத் தோட்டங்களிலும் வாசற்படிகளிலும். அவர்களுடைய தொழிற்சங்கம் வருடக்கணக்கில் போராடியது. 2014இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தனியார் இடத்துக்குள் நடப்பதற்கும் அந்தச் சட்டம் பொருந்தும் என்று திருத்தினார்கள். நமக்குத் திருத்தம்கூடத் தேவையில்லை, சட்டம் ஏற்கெனவே இருக்கிறது.

வாசலில் நடப்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு செய்தி போதும். 2023 ஜனவரியில் ஹைதராபாத் பஞ்சாரா ஹில்ஸில், மூன்றாவது மாடி வீட்டுக்குச் சாப்பாடு கொடுக்கப் போன 23 வயது இளைஞரை, கதவு திறந்ததும் அந்த வீட்டு ஜெர்மன் ஷெப்பர்டு துரத்தியது. தப்பிக்கப் பார்த்தவர் மாடியிலிருந்து விழுந்து, சில நாளில் இறந்துபோனார். நம் சென்னையில் 2024 மே மாதம் ஆயிரம் விளக்கு மாடல் ஸ்கூல் சாலைப் பூங்காவில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஒரு 5 வயதுச் சிறுமியைக் குதறியதை எல்லாரும் படித்தோம். அந்தக் குழந்தை யார்? பூங்காவின் காவலாளியுடைய மகள். விளையாட வந்த இடத்தில் அவளுக்கு அது நேரவில்லை, அவள் அப்பா வேலை பார்த்த இடத்தில் நேர்ந்தது. நாய் வளர்க்கிற வீட்டுக்கும் கடிபடுகிற வீட்டுக்கும் நடுவில் பெரும்பாலும் ஒரு கூலி உறவு இருக்கிறது. அதனால்தான் இவர்களில் பலர் புகார் கொடுப்பதில்லை. சிலிண்டர்காரர் நாளைக்கும் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். வீட்டு வேலை செய்கிற பெண்ணுக்கு மாதச் சம்பளம் அங்கேதான். எங்கள் பையன் வீட்டிலும் "போலீசெல்லாம் வேணாம்மா, உங்க கஸ்டமர்தானே" என்றார்கள்.

2025 ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டையில் ஒரு பிட்புல் நாய் ஒருவரைக் கடித்துக் கொன்றது. அதை வளர்த்த பெண்ணுக்கும் கடி விழுந்தது. வளர்ப்பவராலேயே அடக்க முடியவில்லை. கயிறு இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது, அது யார் கையில் இருக்கிறது என்றும் கேட்க வேண்டும் என்று அன்று எனக்குத் தோன்றியது. நாற்பது கிலோ நாயைப் பத்து வயதுப் பையனிடம் கொடுத்து அனுப்புகிறார்கள். முழங்கால் வலியோடு நடக்கிற தாத்தாவிடம் கொடுக்கிறார்கள். வாட்ச்மேனிடமும் வேலைக்காரப் பெண்ணிடமும் கொடுக்கிறார்கள், அந்த நாய் அவர்கள் சொல்லைக் கேட்பதே கிடையாது. நாய் இழுத்தால் அவர்கள்தான் விழுவார்கள், கடித்தால் பழியும் அவர்கள் மேல் விழும். பட்டனை அழுத்தினால் பல அடி நீளுகிற சுருள்கயிறு இப்போது எல்லாரிடமும் இருக்கிறது. திறந்த மைதானத்தில் சரி. நம் தெருக்களில் ஒரு சைக்கிள் கடந்து போகும்போது அது கயிறே இல்லாததற்குச் சமம். நாயை ஆறு அடிக்குள் வைத்து, ஆள் வரும்போது இன்னும் சுருக்கிப் பிடித்து, சுவர்ப் பக்கம் நாயையும் தெருப் பக்கம் தன்னையும் வைத்துக்கொண்டு நடக்கிறவர்களும் எங்கள் பகுதியில் இருக்கிறார்கள். அவர்களைக் கடக்கும்போது எங்கள் பையன்கள் மணி அடித்துச் சிரித்துவிட்டுப் போவார்கள். ஒரு கையில் போன் பேசிக்கொண்டு மறு கையில் கயிற்றைத் தொங்க விடுகிறவர்களைக் கண்டால் சைக்கிளை நிறுத்தி இறங்கி நிற்பார்கள்.

வாய்மூடி விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். வாயை இறுக்கிக் கட்டுகிற துணி வாய்மூடியை நம் ஊர் வெயிலில் போட்டு நடத்துவது கொடுமை. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது, வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கும். வாயைத் திறக்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் விடுகிற, கூடை போன்ற வாய்மூடி கடைகளில் கிடைக்கிறது. அபராதத்துக்குப் பயந்து கையில் கிடைத்ததை மாட்டிவிடாமல் அதைக் கேட்டு வாங்குங்கள்.

சென்னை மாநகராட்சி எடுத்த நடவடிக்கைகளை நான் வரவேற்கிறேன். உரிமம் இல்லாமல் நாய் வளர்த்தால் 5,000 ரூபாய் அபராதம் என்றார்கள், கெடுவைப் பலமுறை நீட்டி 2025 டிசம்பர் 14 வரை அவகாசம் கொடுத்தார்கள். எங்கள் நாய்க்கும் வாங்கியிருக்கிறேன். கட்டணம் 50 ரூபாய்தான், தடுப்பூசிச் சான்று வேண்டும். நாயின் அடையாள எண் இருக்கும் சிப் ஓர் அரிசி அளவுதான், கழுத்துத் தோலுக்கு அடியில் ஊசியால் வைத்துவிடுகிறார்கள், மாநகராட்சி மருத்துவமனையில் இலவசமாகவே வைத்தார்கள். ஒரு முனகலோடு முடிந்தது. புதிதாகப் பிட்புல்லும் ராட்வைலரும் வளர்க்க உரிமம் கிடையாது, மீறினால் 1 லட்சம் ரூபாய் அபராதம் என்றும் அதே டிசம்பரில் முடிவெடுத்தார்கள். எல்லாம் சரி. ஆனால் எங்கள் பையனைக் கடித்தது லாப்ரடார். இனத்தின் பெயரைப் பார்த்துத் தீர்ப்பு எழுதினால் மற்ற இனங்களை வளர்க்கிறவர்கள் நமக்கு இது இல்லை என்று நிம்மதியாகிவிடுவார்கள். கயிறில்லாமல் கூட்டிவந்தால் 500 ரூபாய் என்கிறது விதி. விடியற்காலை ஐந்து மணிக்கு அதை யார் வந்து வசூலிப்பார்கள்?

அதனால் உரிமத்தைப் புதுப்பிக்கிற இடத்திலேயே சிலவற்றைக் கேட்கலாம் என்று நினைக்கிறேன். ஆண்டுதோறும் புதுப்பிக்கத்தான் போகிறார்கள். வாசலில் கேட்டுக்கு வெளியே பேப்பரும் தபாலும் போட ஒரு பெட்டி இருக்கிறதா, காலிங் பெல் நாய்க்கு எட்டாத பக்கம் இருக்கிறதா, கேட் தானாகச் சாத்திக்கொள்கிறதா என்று ஒரு போட்டோ கேட்கட்டும். யாரையாவது கடித்தால் அது அந்தச் சிப் எண்ணோடு சேர்த்துப் பதிவாக வேண்டும். அரசு மருத்துவமனையில் நாய்க்கடிச் சீட்டு எழுதும்போது வளர்ப்பு நாயா தெருநாயா, யாருடையது என்று எழுதி வாங்கி மாநகராட்சிக்கு அனுப்பினாலே பாதி வேலை முடிந்துவிடும். கடிபட்டவர் போய் யார் காலிலும் விழ வேண்டியதில்லை. அபராதம் மாநகராட்சிக்குப் போகிறது, சரி, ஊசிக்குப் போன நாட்களின் கூலியை யார் தருவது? அதை வளர்ப்பவர் தருவார் என்று விதியில் ஒரு வரி இருக்க வேண்டும். இருநூறு ரூபாயைக் கையில் திணிக்கிற வழக்கம் அப்போதுதான் நிற்கும்.

இதைப் படித்துவிட்டு யாராவது இருபத்து நாலு மணி நேரமும் நாயைச் சங்கிலியில் கட்டிப் போட்டால் நான் எழுதியதற்கு அர்த்தமே இல்லை. நாள் முழுக்கக் கட்டிக் கிடக்கிற நாய்தான் முதலில் பாயும். அது சட்டப்படியும் தப்பு. 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், அளவுக்கு மீறிக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பதையும், எப்போதும் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கிற நாய்க்கு நடை கொடுக்காமல் விடுவதையும் வதை என்றே சொல்கிறது. அந்தச் சட்டம் வருவதற்கு மாநிலங்களவையில் முதலில் குரல் கொடுத்தவர் நம் ஊர் ருக்மிணி தேவி அருண்டேல். நாய்க்குத் தினமும் நடை வேண்டும், அந்த நடை கயிற்றோடு இருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்ய நேரம் இல்லாதவர்கள் நாய் வாங்க வேண்டாம். இப்போது அபராதம், உரிமம் என்று வந்ததும் கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட்டு வேறு ஏரியாவில் இறக்கிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். எங்கள் ஷட்டர் வாசலுக்கே அப்படி ஒரு பொமரேனியன் வந்தது. மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் எழுந்து ஓடிப் பார்க்கும். பசியில் தவிக்க விடுவதும் அதே சட்டப்படி குற்றம்தான்.

தெருநாய்கள் கடிப்பதை விட்டுவிட்டு வளர்ப்பு நாயைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறாளே என்று சிலருக்குத் தோன்றும். 2024இல் தமிழ்நாட்டில் நாய்க்கடிகள் நாலரை லட்சத்தைத் தாண்டின, ரேபிஸில் 43 பேர் இறந்தார்கள் என்று நான் விற்ற பேப்பர்களில்தான் வந்தது. தெருநாய் பிரச்சினை பெரியது, உச்ச நீதிமன்றம் வரை போய்விட்டது. கருத்தடை, தடுப்பூசி, காப்பகம் எல்லாம் அரசு செய்ய வேண்டியவை, பணமும் காலமும் ஆகும். வளர்ப்பு நாய்க்கு அப்படி எதுவும் வேண்டாம். அதற்கு வீடு இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது, பெயர் இருக்கிறது, பொறுப்பான ஒரு மனிதர் இருக்கிறார். ஆணியில் தொங்குகிற கயிற்றை அவர் எடுத்தால் நாளைக் காலையிலிருந்தே மாற்றம் தெரியும்.

அந்தப் பையனுக்குக் கடி விழுந்த பிறகு என் லைன்களில் சில முறைகளை மாற்றினேன். கேட்டுக்கு மேலே எறிவது கிடையாது. நாய் இருக்கிற வீட்டு வாடிக்கையாளர்களிடம் கலெக்‌ஷனுக்குப் போகும்போது நேரில் பேசினேன். பலர் உடனே கேட்டுக்கு வெளியே ஒரு பெட்டியோ ஒரு துண்டு பிவிசி பைப்போ மாட்டிவிட்டார்கள். ஒரு வீட்டு மாமி, பேப்பர் வருகிற நேரத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஐந்தேகால் வரை நாயை உள்ளேயே வைத்திருக்கிறார். இன்னொரு வீட்டில் பையனை நாய்க்கு அறிமுகம் செய்து வைத்தார்கள், கயிற்றைப் பிடித்துக்கொண்டு, சில நாள் தொடர்ந்து. இப்போது அது வாலாட்டுகிறது. கடித்த நாயின் வீட்டுக்காரரும் பெட்டி மாட்டியிருக்கிறார், ஊசியும் போட்டு அட்டையை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். மூன்று வீட்டுக்காரர்கள் மட்டும் ஒன்றும் செய்ய மாட்டோம் என்றார்கள். அந்த வீடுகளுக்குப் பேப்பரைத் தெருமுனைக் கடையில் வைத்துவிடுகிறோம், வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டேன். ஒருவர் பேப்பரையே நிறுத்திவிட்டார்.

ஏப்ரல் கடைசியில் பரீட்சை முடிந்ததும் லைனுக்குப் புதுப் பையன்கள் வருவார்கள். எந்தக் கேட்டில் எந்த நாய் என்று அவர்களுக்குத் தெரியாது. அதற்கு முன்னால் இந்தக் கடிதத்தை வெளியிட்டால் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
செய்தித்தாள் முகவர்,
ஆதம்பாக்கம், சென்னை - 88.